குழந்தைக்கு அலுப்புத் தட்டும் இடங்கள்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் மூன்று நாள் வெளியூர் போய்வருவது நம் நடுத்தர வீடுகளில் இப்போது மெல்லப் பழக்கத்துக்கு வருகிறது. ஆனால் வாசலில் பெட்டியை இறக்கும்போதே பக்கத்து வீட்டிலிருந்து கேள்வி வந்துவிடும்: "புள்ளைய விட்டுட்டா போறீங்க?" உடனே ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். தோழி வீட்டுக் கல்யாணம், ஆபீஸ் வேலை, நேர்த்திக்கடன், ஏதோ ஒன்று. சும்மா இரண்டு பேரும் ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

அந்தக் கூச்சம் போன இடத்திலும் கூடவே வரும். கொல்கத்தாவுக்குப் போகிற தம்பதியர் பலர் முதல் நாள் அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கும் இரண்டாம் நாள் சயன்ஸ் சிட்டிக்கும் போய், "அவன் இருந்தா குதிச்சிருப்பான்" என்று ஒட்டகச்சிவிங்கியை வீடியோ காலில் காட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் கண்ணால் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். பிள்ளை இல்லாமல் ஒரு ஊருக்குப் போனால், அந்தப் பிள்ளைக்குப் பத்தே நிமிடத்தில் அலுப்புத் தட்டக்கூடிய இடமாகப் பார்த்துப் போவதுதான் நியாயம். யாரும் "போலாம்ப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுக்காத நேரம் பெற்றோருக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும். அதைச் செலவழிக்க கொல்கத்தாவைப் போல் தோதான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை.

உதாரணத்துக்குத் தெற்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். 1767-ல் திறந்தது. ஊருக்கு நடுவே, பெரிய மரங்களின் நிழலில், பாசி படிந்த பிரமிடுகளும் கூம்புத் தூண்களும் குவிமாடங்களுமாக ஒரு தனி ஊரே படுத்துக் கிடக்கிறது. ஜோடியாகப் போய்ப் பார்க்கக் கல்லறையா என்று மாமியார் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். உள்ளே போனால் விஷயம் வேறு. ஆசியக் கழகத்தை 1784-ல் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ் இங்கே வானுயர்ந்த ஒரு தூணின் கீழ் இருக்கிறார். இந்துக் கல்லூரியில் ஒரு தலைமுறையையே கேள்வி கேட்க வைத்த ஆசிரியர் டெரோசியோ, 1831-ல் காலராவில் இறந்தபோது அவருக்கு வயது 22. தினமும் கங்கையில் குளித்த, 'இந்து ஸ்டுவர்ட்' என்று ஊரார் அழைத்த ராணுவ அதிகாரி சார்லஸ் ஸ்டுவர்ட்டின் சமாதி கோயில் மாதிரியே செதுக்கப்பட்டிருக்கிறது. சுருள் சுருளாக மேலே போகும் ஒரு தூணின் அடியில் ரோஸ் அய்ல்மர், 1800-ல் 20 வயதில் போனவள். அவளுக்காக வால்டர் சாவேஜ் லேண்டர் எழுதிய இரங்கற்பா ஆங்கில இலக்கியத்தில் பேர்பெற்றது.

இங்கேதான் இரண்டு பேரின் சுபாவமும் வெளியே வரும். ஒருவர் ஒரு கல்வெட்டு விடாமல் குனிந்து படிப்பார். மற்றவர் நாலு கல்லோடு நிறுத்திக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் இந்த வேகவித்தியாசம் தினமும் சண்டையாக முடியும், ஏனென்றால் அங்கே ஸ்கூல் வேன் காத்திருக்கிறது. இங்கே எதுவும் காத்திருக்கவில்லை. கல்லைப் படிக்கிறவர் அரைமணி கழித்து வந்து சொல்லும் கதையை உட்கார்ந்திருப்பவர் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கற்களில் சில மாதமே வாழ்ந்த சிசுக்களின் பெயர்களும், பிரசவத்துக்குப் பின் தேறாத இளம் தாய்களின் பெயர்களும் நிறைய வரும். நாலாவது பெயரைப் படிக்கும்போது கை தானாக போனைத் தேடும். தேடட்டும். பிள்ளையை மறந்துவிட்டு வருவதற்காக யாரும் ஊருக்குப் போவதில்லை.

வடக்கே குமார்துலி. துர்க்கை சிலை செய்கிற குயவர்களின் பேட்டை. பூஜைக்கு முந்தைய மாதங்களில் போவது நல்லது. முதலில் மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோலை இறுக்கிச் சணல் கயிற்றால் கட்டி ஒரு உடம்பு, அதன்மேல் ஆற்று மண். தலை இல்லாத பத்துக் கைகள் ஒரு பட்டறையில் காய்ந்துகொண்டிருக்கும். அடுத்த பட்டறையில் ஒருவர் ஈரத்துணியால் தேவியின் விரலிடுக்கை நீவிக்கொண்டிருப்பார். கண் எழுதுவது கடைசி வேலை, மகாளய அமாவாசை அதற்கான நாள் என்பது மரபு. சந்து இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலம்தான். எதிரே சிலையைச் சுமந்து ஆள் வந்தால் ஏதாவது ஒரு பட்டறைக்குள் ஒதுங்கியாக வேண்டும். அப்படி ஒதுங்கிய இடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டால் அது ஒரு காட்சிசாலைக்குச் சமம். படம் எடுப்பதற்கு முன் மட்டும் கேட்டுவிட வேண்டும், அவர்கள் வேலை செய்கிற இடம் அது.

குமார்துலியிலிருந்து நடக்கும் தூரத்தில் பாக்பஜார். அங்கே போஸ்பாரா சந்தில், அயர்லாந்தில் பிறந்த சகோதரி நிவேதிதை 1898-ல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய வீடு செப்பனிடப்பட்டு நினைவில்லமாக இருக்கிறது. தமிழ்த் தம்பதி இந்தச் சந்துக்குப் போக ஒரு தனிக் காரணமே உண்டு. 1905–06 வாக்கில் வங்காளத்தில் நிவேதிதையைச் சந்தித்த பாரதியிடம், "மனைவியை ஏன் அழைத்து வரவில்லை" என்ற பொருளில் அவர் கேட்டதாகப் பாரதியின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படி வழக்கமில்லை என்று இவர் இழுத்தாராம், அவர் கடிந்துகொண்டாராம். 1908-ல் வந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலைப் பாரதி நிவேதிதைக்குத்தான் காணிக்கையாக்கினார். பெண் விடுதலை பற்றிய பெரிய பேச்சுக்கெல்லாம் முன்னால் அந்தக் கேள்வி எவ்வளவு சின்னதாக இருக்கிறது! ஏன் கூட்டி வரவில்லை, அவ்வளவுதான். நூறு வருஷம் தாண்டியும் நம் வீடுகளில் அது முழுசாகப் பழசாகிவிடவில்லை. கணவன் தனியாக வெளியூர் போனால் வேலை என்று விட்டுவிடுகிறோம், இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் வாசலில் நின்று விளக்கம் கேட்கிறோம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். திரெட்டா பஜாரில் அதிகாலையில் சீனக் குடும்பங்கள் தெருவோரம் விற்கும் காலைச் சாப்பாடு, மீன் உருண்டை சூப்பும் ஆவி பறக்கும் பன்னும். எட்டரைக்குப் போனால் காலிப் பாத்திரம்தான் மிஞ்சும். கானிங் தெருவில் 1884-ல் கட்டிய மாகென் டேவிட் யூத ஜெப ஆலயம், செங்கல் கோபுரத்தோடு. ஒரு காலத்தில் சில ஆயிரம் பேராக இருந்த யூதர்கள் இன்று மிகச் சிலரே, ஆலயத்தைத் தலைமுறைகளாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் முஸ்லிம்கள். ராஜேந்திர மல்லிக் 1835-ல் எழுப்பிய மார்பிள் பேலஸுக்குச் சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சிலையும் ஓவியமும் கண்ணாடியும் அடைத்துக் கிடக்கும் அந்த மாளிகைக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். அதனால் பார்த்ததை ஒருவருக்கொருவர் வாயால்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பட்டியலில் முதலில் வைக்கலாம்.

டிராமும் உண்டு. 1873-ல் குதிரை இழுத்துத் தொடங்கி 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. எஸ்பிளனேடு–மைதானம் தடத்தைத் தவிர மற்றவற்றை மூடப்போவதாக மாநில அரசு 2024-ல் அறிவித்தது. ஓடுகிற வரைக்கும் ஏறிவிட வேண்டும். போய்ச்சேரும் அவசரம் இருப்பவர்களுக்கு அது வாகனமே அல்ல.

மூன்று நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்றும் இல்லை. ஹவுரா பாலத்தின் காலடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையில் விடியற்காலை ஒரு மணி நேரம் தனித்தனியாகப் போய்வரலாம். ஒருவர் படித்துறைப் பக்கம், மற்றவர் பாலத்தின் பக்கம். தலையில் செவ்வந்தி மாலைக் குவியலோடு ஓடி வரும் சுமைகாரர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டே அந்த நேரம் போய்விடும். பிறகு காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸின் உயரமான கூரைக்கடியில் உட்கார்ந்து, யார் என்ன பார்த்தார்கள் என்று பேசலாம். அங்கே கொடுக்கும் கருங்காபி, டிகாஷன் குடித்து வளர்ந்த நாக்குக்குப் பெரிய சங்கதியல்ல. ஆனால் ஒரே கோப்பையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். முதல் இருபது நிமிடம் ஸ்கூல் ஃபீஸும் வீட்டுக் கடனும்தான் பேச்சாக இருக்கும். அதெல்லாம் தீர்ந்து பேச்சு நிற்கும்போது இருவருக்கும் சங்கடமாகக்கூட இருக்கலாம். பிள்ளை பிறந்த பிறகு அந்த இடைவெளியை எப்போதும் அதுதானே நிரப்பியது. அவசரமாகப் போனை எடுக்காமல் இருந்தால், பூச்சந்தை மெதுவாகப் பேச்சுக்குள் வரும்.

நாக்கு வீட்டைத் தேட ஆரம்பித்தால் லேக் மார்க்கெட் பக்கம் போகலாம். தமிழர்கள் பல காலமாகக் குடியிருக்கும் பகுதி. இட்லி, கறிவேப்பிலை, தொடுத்த மல்லிகை எல்லாம் கிடைக்கும்.

கடைசி நாள் பிள்ளைக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி வரும். பனிக்காலமாக இருந்தால் புது வெல்லத்தில் செய்த சந்தேஷ். அதிலும் நடுவில் வெல்லப்பாகு ஒளிந்திருக்கும் 'ஜல்பரா' என்ற வகையைக் கடித்தால் பாகு சட்டையில் வழியும். அது நீண்ட பயணம் தாங்காது என்று கடைக்காரரே சொல்லுவார். இருந்தாலும் ஒரு பெட்டி வாங்குவார்கள். சென்னை ரயில் கட்டாக்கைத் தாண்டுவதற்குள், கெட்டுப்போய்விடுமே என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தீர்த்தும்விடுவார்கள்.