நியாயத்தீர்ப்பும் நல்வாழ்வும்: ஆமோஸ் எழுப்பும் வினா

தீர்க்கதரிசி என்னுஞ் சொல் தமிழ் வழக்கில் வருங்காலத்தை முன்னரே காண்பவர் என்னும் பொருளையே பெரிதும் உணர்த்துகின்றது. இதனால், விவிலியத்தின் தீர்க்கதரிசன நூல்களை அணுகுவோருட் பலர், எந்த நாடு எப்பொழுது அழியும் என்னும் செய்தியையே அவற்றில் தேடுகின்றனர். அவ்வாறு தேடுவோர் தம் நாட்டை அழிவின் பட்டியலிற் சேர்ப்பது அரிது. நியாயத்தீர்ப்பு என்பது பிறர்மீது வருவது என்றே கொள்ளப்படுகின்றது. இக்கொள்கை பொருந்துமா என ஆராய்வதற்கு ஆமோசின் நூல் தக்கதொரு சான்றாகும்.

ஆமோஸ் கி.மு. 8ஆம் நூற்றாண்டினர், யூதாவிலுள்ள தெக்கோவா என்னும் ஊரினர், மந்தை மேய்த்தலையும் காட்டத்தி மரங்களைப் பேணுதலையும் தொழிலாகக் கொண்டவர். அவர் வடக்கிலிருந்த இஸ்ரவேல் அரசுக்குச் சென்று பேசிய காலத்தில் அங்கு இரண்டாம் யெரொபெயாம் ஆட்சி புரிந்தான். எல்லைகள் விரிந்திருந்தன, வணிகம் பெருகியிருந்தது, செல்வர் தந்தத்தால் அணிசெய்த மனைகளில் வாழ்ந்தனர், பெத்தேல் ஆலயத்திற் பலிகளும் பாடல்களும் குறைவின்றி நிகழ்ந்தன. வளம் கடவுளின் ஒப்புதலுக்கு அடையாளம் என அம்மக்கள் நம்பியிருத்தல் இயல்பே.

ஆமோசின் நூல் அயல்நாடுகளின் மீதான தீர்ப்புகளுடன் தொடங்குகின்றது. தமஸ்கு கீலேயாத்தை இரும்புப் போரடிக் கருவிகளால் நசுக்கியது. காசாவும் தீருவும் முழுச் சமூகங்களையும் சிறைப்படுத்தி ஏதோமுக்கு ஒப்புவித்தன. ஏதோம் தன் சகோதர இனத்தை வாளுடன் துரத்தியது. அம்மோன் தன் எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. மோவாப் ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்வரை எரித்தது.

இங்கு இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. முதலாவது, இந்நாடுகளுள் எதுவும் பிறதெய்வத்தை வணங்கியமைக்காகக் குற்றஞ் சாட்டப்படவில்லை. மனிதரை மனிதராக மதியாமையே அவற்றின் குற்றம். இரண்டாவது, மோவாபின் கொடுமைக்கு ஆளானவன் இஸ்ரவேலன் அல்லன். முன்னர்க் கண்டனத்துக்குள்ளான ஏதோமின் அரசனே. பகைவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கும் தீங்கே என்பது இதன் பொருள். எனவே, தீர்ப்பின் அளவுகோல் இஸ்ரவேலின் நலனன்று. எவ்வினத்தவர்க்கும் பொதுவான அறமே எனலாம்.

பட்டியல் அத்துடன் நிற்கவில்லை. யூதாவைத் தொட்டபின், அது கேட்போரிடமே திரும்புகின்றது. இஸ்ரவேலின் குற்றம் போர்க்களத்தில் நிகழ்ந்ததன்று. சந்தையிலும் வழக்கு மன்றிலும் நிகழ்ந்தது. ஏழையை ஒரு சோடிப் பாதரட்சைக்காக விற்றனர். அளவையைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கினர். கடனுக்கு ஈடாகப் பெற்ற ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் அருகிற் படுத்தனர். போர்க் கொடுமையும் கள்ளத் தராசும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை அன்று கேட்டோரைத் திடுக்கிடச் செய்திருக்கும். தெரிந்தெடுக்கப்பட்ட இனம் என்பது சலுகையன்று, மிகுந்த பொறுப்பு என்றும் ஆமோஸ் உரைத்தார். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா இதனை அரசனுக்கெதிரான சதியெனக் கூறி, யூதாவுக்கே திரும்பிப் போகுமாறு அவரைப் பணித்தான்.

கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. 27,290 பேரைச் சிறைகொண்டு சென்றதாக மன்னன் இரண்டாம் சார்கோனின் கல்வெட்டொன்று பெருமை பேசுகின்றது. இவ்விடத்தில் ஒரு கடினமான வினா எழுகின்றது. பாதரட்சைக்காக விற்கப்பட்ட ஏழையும் விற்ற செல்வனும் ஒருசேர அழிவுக்குள்ளாவது எங்ஙனம் நீதியாகும்? இவ்வினாவை விவிலியம் மறைக்கவில்லை. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என எசேக்கியேல் வாதிட்டார். தண்டிக்கும் கோலாகப் பயன்பட்ட அசீரியாவும் தன் செருக்குக்காகத் தண்டனை பெறும் என ஏசாயா அறிவித்தார். அதன் தலைநகராகிய நினிவே கி.மு. 612இல் வீழ்ந்தது. ஆயினும், வரலாற்றில் அப்பாவிகள் படும் துன்பத்துக்கு இவை முழுமையான விடையாகா. வெற்றி பெற்றவன் நீதிமான் என்றோ, வீழ்ந்தவன் பாவி என்றோ முடிவுகட்டும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே இவற்றிலிருந்து பெறப்படுவது.

அங்ஙனமாயின், இத்தீர்க்கதரிசனங்களின் பயன் யாது? குயவனின் களிமண்ணை உவமையாக்கிய எரேமியா, ஒரு தேசம் தீமையை விட்டுத் திரும்பினால் அறிவிக்கப்பட்ட அழிவு விலகும் என்றார். எனவே, அழிவின் அறிவிப்பு விதியன்று, எச்சரிக்கை. அது பலியாதொழிவதே அதன் வெற்றி. நேர்மையான தராசும் எளியோர்க்கு மறுக்கப்படாத நீதியும் பிறர் துயருக்கு இரங்கும் நெஞ்சுமே அதற்குரிய வழி. தெய்வத்துக்கு ஏற்ற வாழ்வு எனப்படுவதும் இதுவேயன்றி வேறன்று.

இதனை ஏற்கவியலாத மனத்தின் சித்திரமாக யோனாவின் கதை அமைந்துள்ளது. நினிவே மனந்திரும்பிப் பிழைத்தபோது, தான் அறிவித்த அழிவு வரவில்லையே என யோனா சினங்கொண்டார். வலக்கை எது, இடக்கை எது என அறியாத 1,20,000க்கு மேற்பட்ட மாந்தரும் பல கால்நடைகளும் வாழும் நகருக்காகத் தான் இரங்கலாகாதா எனக் கடவுள் அவரைக் கேட்பதுடன் அந்நூல் முடிவுறுகின்றது. யோனாவின் மறுமொழி அங்கு இல்லை. பகைவனின் நகர் அழியுமென நூலை விரித்துக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் கூறவேண்டிய மறுமொழி அது.