எடுத்தலும் வைத்தலும்



திகம்பர முனிவர் மயிற்பீலி ஏந்துவது, பொருளை எடுக்குமுன்னும் வைக்குமுன்னும் சிற்றுயிர்களை மெல்ல விலக்குதற்கே. ஐந்து சமிதிகளுள் நான்காவதான ஆதான நிக்ஷேபண சமிதி இதுவாகும். இல்லறத்தார்க்கும் இது வேண்டும்.

சென்ற மாதம், பல்லாண்டு திறவாத இரும்புப் பெட்டியை யான் தனியே இழுத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது, அடியிலிருந்த பல்லி முட்டைகள் நசுங்கின. பிறவுயிர்க்கும் தன்னுயிர்க்கும் ஒருங்கே இழைத்த இம்சை அது.

ஆதலின், பகலொளியில் அடியை நோக்குக, மென்துடைப்பத்தால் பெருக்குக, பெட்டியை வெறுமையாக்கி, இருவராய், முழங்கால் மடித்துத் தூக்குக, வைக்குமிடத்தையும் முன்னரே காண்க.

உள்ளே இருந்தவை எவருக்கும் பயன்படாத புடவைகளும் பாத்திரங்களுமே. வேண்டுவார்க்கு ஈந்தேன். மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் அணுவிரதத்தின் பொருள் அன்றே விளங்கிற்று. பொருள் குறையின் சுமை குறையும். சுமை குறையின் இம்சையும் குறையும்.

அறம் வளர்க!