யார் முதலில் நகர வேண்டும்?

சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். கூவம் கரையில் இருக்கும் ஆக்கிரமிப்புகளை உடனே அகற்ற வேண்டும் என்று கோரிய மனு. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையை இன்றும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குகிறவர்கள் கரையில் இருப்பவர்கள்தான். 2015 டிசம்பரில் சென்னை அதைக் கண்ணால் பார்த்தது.

மூன்றாம் ஆண்டில் சட்ட உதவி முகாமுக்காகப் பெரும்பாக்கம் போனோம். அங்கே ரேஷன் கார்டில் முகவரி மாற்ற ஒரு அக்கா வந்திருந்தார். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவம் கரையில் இருந்தவர். பக்கத்துத் தெருக்களில் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். இங்கே கொண்டுவந்து விட்டதும் நாலும் போய்விட்டது. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, "ஆறு சுத்தமாகணும்னுதானேக்கா மாத்தினாங்க?" என்று கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. "ஆத்த நாறடிச்சது நாங்கன்றாங்க. எங்க வூட்ல கொழாத் தண்ணியே கெடையாது தம்பி. அப்பறம் அவ்ளோ சாக்கடத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

அந்தக் கேள்விக்கான விடை என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. வேலூர் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எங்களுக்கு மனப்பாடம். மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. கூவத்தில் ஓடுவதில் பெரும்பங்கு நகரத்துக் கழிவுநீர். நான் ஹாஸ்டலில் காலையில் ஃப்ளஷ் செய்வதும் அதில் சேரும். ஆனால் விலை கொடுத்தது நானில்லை. தன் வேலையையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், பழகிய தெருவையும் கொடுத்து அந்த விலையைக் கட்டியவர் அந்த அக்கா.

பசுமை அரசியல் பற்றி எனக்கு இருக்கும் அறச்சிக்கல் இதுதான். இயற்கை முக்கியமா மனிதர் முக்கியமா என்று விவாத மேடைகளில் கேட்கிறார்கள். அது பொய்யான கேள்வி. இயற்கையைக் காப்பாற்ற யாராவது எதையாவது இழந்தே ஆக வேண்டும். முதலில் யார், எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

நம் நீதிமன்றங்கள் இந்த வரிசையை எப்படிப் போட்டிருக்கின்றன? 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வகுப்பில் அதைப் படித்தபோது எல்லோருக்கும் சிலிர்த்தது. ஆனால் அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்ததும் அவர்களை அகற்றலாம் என்றுதான் முடிகிறது. 2000ஆம் ஆண்டில், நகரக் குப்பை பற்றிய ஒரு வழக்கில் நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது: ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்று இடம் தருவது பிக்பாக்கெட்டுக்குப் பரிசு கொடுப்பது போல என்றது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய கட்டுமானங்கள் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் கட்டியவர்கள் பிறகு வாங்கிக்கொள்ள 2017இல் மத்திய அரசு வழி திறந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பரில், மூன்று நீதிபதிகளில் இருவரின் முடிவால், அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. கட்டியதை இடித்தால் பொதுப்பணம் வீணாகும் என்பது முக்கியக் காரணம். நியாயமான கவலைதான். ஆனால் கரையில் ஓலையும் தகரமும் போட்டுக் கட்டியது வீணாகும்போது யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டும் விதிமீறல். ஒன்றுக்குப் பெயர் பிக்பாக்கெட், இன்னொன்றுக்குப் பெயர் முதலீடு.

பெரும்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,247 ஹெக்டேர். பழைய சதுப்பில் மிஞ்சிய பகுதி அவ்வளவுதான். மீதியைக் குப்பைக்கிடங்கும், சாலைகளும், மென்பொருள் வளாகங்களும், அரசு நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுவந்து விட்ட மக்களை, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் குடிவைத்திருக்கிறோம்.

"அப்போ அவங்களை ஆத்துலயே மூழ்க விடச் சொல்றியா?" என்று நண்பன் கேட்டான். இல்லை. ஆற்றுக்கு இடம் வேண்டும். ஆனால் வேறு வழியே இருந்ததில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1970இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே, நகரத்தின் நடுவிலேயே, அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே தள்ளுவது பிற்பாடு வந்த பழக்கம். இப்போது வாரியத்தின் பெயர்கூட மாறிவிட்டது.

சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை, குடிமக்களின் கடமை என்ற இரண்டு பிரிவுகளும் அரசியலமைப்பில் சேர்ந்தது 1976இன் 42ஆவது திருத்தத்தில். நெருக்கடிநிலைக் காலம். அதே ஆண்டுதான் நகரை அழகாக்குகிறோம் என்று டெல்லி துர்க்மான் கேட்டில் ஏழைகளின் வீடுகளை இடித்தார்கள். அதனால் அந்தப் பிரிவுகள் கெட்டவை ஆகிவிடாது. ஆனால் பசுமையும் புல்டோசரும் ஒரே காலத்தில் வந்தவை என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

என் அளவுகோல் எளிமையானது. வேறு வழி இருந்தும் விதியை மீறியவர் முதலில் நகரட்டும். வேறு வழியே இல்லாமல் மீறியவர் கடைசியில், அவர் சம்மதத்தோடு, பிழைப்பு கெடாத தூரத்துக்கு நகரட்டும்.

இந்த மாதம் புதிய மனு ஒன்று வந்திருக்கிறது. இந்த முறை ஓர் ஏரி. ஆக்கிரமிப்புப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தகரக் கூரை வீடுகள் வரிசையாக இருந்தன. அதே கரையை மறித்துக் கட்டிய கல்யாண மண்டபம் மட்டும் இல்லை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மண்டபத்தை முதல் வரியில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.