சந்தனமும் மரகதமும்

மதுரைத் திருநகரில் புது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் பேச்சு எழுந்தால், கூடத்துக்குச் சந்தனக் கலர், பூசையறைக்கு அதைவிட வெளிறிய ஒன்று என்று பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கரும்பச்சை என்றால் முகம் சுளிப்பார்கள். வெளிர்நிறம் எதையும் பற்றாதது, அடர்நிறம் பற்று மிகுந்தது என்ற எண்ணம் இந்தத் தேர்வுக்கு அடியில் கிடக்கிறது. அது பிழை என்பதே என் கருத்து. வெளிர்சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அதனால் எதிரே சிவப்புத் தரை இருந்தால் சுவரும் லேசாகச் சிவக்கும். சன்னலுக்கு வெளியே வேம்பு நின்றால் பச்சை ஏறும். சுண்ணாம்பு அடித்த காலத்திலும் வெள்ளை தானாக வெள்ளையாக நிற்கவில்லை, பழுப்புத் தெரியாமலிருக்க நீலம் கலந்தார்கள். சைவ சித்தாந்தம் உயிருக்குச் சொல்லும் படிக உவமை இதுதான்: பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் நிறமாகவே படிகம் தோன்றும். மெய்கண்டார் மரபு இதைத் தூய்மை என்று பாராட்டவில்லை; எதையேனும் சாராமல் நிற்க முடியாத உயிரின் இயல்பு என்றே கண்டது.

திருநீறும் வெண்மைதானே, அதைக் கொண்டு சம்பந்தர் பாண்டியனின் வெப்புநோயைத் தீர்த்ததாக நம்பும் மதுரையில் இப்படிப் பேசலாமா என்று கேட்கலாம். எரிந்து முடிந்தபின் மிஞ்சுவது நீறு. இட்டவர் யாரைச் சார்ந்தவர் என்று நெற்றியிலிருந்தே அது சொல்லிவிடும். பற்றற்ற நிறம் என்று அதை எப்படி அழைப்பது? அந்த நீறணிந்த சிவனின் பக்கத்திலேயே மரகத மேனியாளாக மீனாட்சியை இவ்வூர் வணங்குகிறது. விளக்கில்லாவிட்டால் கரும்பச்சை இருண்டுவிடும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். கதிரவன் இல்லாமல் கண்ணும் காண்பதில்லை, அதற்காகக் கண்ணை யாரும் பழிப்பதில்லை. தனக்கு ஒளி வேண்டும் என்பதைக் கரும்பச்சை மறைக்கவில்லை, அவ்வளவே.

இரு நிறங்களும் ஒரே திருமேனியில் சேரும் இடம் இராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கை. அங்கே மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பைக் களைகிறார்கள்; அந்தப் பச்சையைக் காணத்தான் கூட்டம் திரள்கிறது. பிறகு புதுச் சந்தனம் பூசுகிறார்கள். சந்தனத்துக்கு அங்கே உரிய மதிப்பு உண்டு. ஆனாலும் அது காப்பு, காக்கப்படுவது பச்சை. வெளிர்நிறத்தையே துறவு என்று கொள்பவர்கள் காப்பை மூர்த்தி என்று எண்ணிவிடுகிறார்கள். சந்தனக் கலரே அடியுங்கள், தடையில்லை. அதற்கு எதிரே எதை வைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; சுவர் அதன் சாயலைத்தான் காட்டும்.