ஏஜென்ட் டீனாவுக்குத் தட்டிய கை

'விக்ரம்' படம் 2022 ஜூன் 3ஆம் தேதி வெளியானது. அந்த வாரமே காப்பாரிலிருந்து பெரியப்பா மகன்கள் மூன்று பேரும் நானும் ஒரே காரில் ஏறிக் கிள்ளானுக்குப் போனோம். முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழுத்தை நிமிர்த்தியே பார்த்தோம். வலி தெரியவில்லை. அவ்வளவு வேகம்!

சினிமா பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்று நம் இளைஞர் முகாம்களில் பேசும் அண்ணன்மார் இதைப் படித்தால் கோபப்படலாம். (அவர்களில் இரண்டு பேரை அன்று தியேட்டர் வாசலில் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன்.)

இந்த மாதிரி உளவாளிப் படம் நம்மை ஏன் இப்படி இழுக்கிறது? சண்டை, துப்பாக்கி, அனிருத் இசை எல்லாம் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். படத்தின் முதல் பாதி முழுக்கக் கர்ணன் என்ற மனிதரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குடிகாரன், ஒழுக்கம் இல்லாதவன், ஒன்றுக்கும் உதவாதவன். பிறகுதான் அவர் யார் என்று தெரிகிறது. அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து நிற்கிறது. 1986இல் சுஜாதா எழுதி வந்த முதல் 'விக்ரம்' படத்தை அப்பா வீடியோ கேசட்டில் பார்த்தாராம். காணாமல் போன ஏவுகணையைத் தேடிப் போகும் ஏஜென்ட் கதை. அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் கொஞ்சம் மாறும்.

நமக்கும் அந்த ஆசை உண்டு. தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் என் பெயரை முழுசாகக் கேட்கவே பொறுமை இல்லாத மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். "நான் யார்னு ஒருநாள் தெரியும் பாரு" என்று மனசுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உளவாளிப் படம் அந்த ஒருநாளை மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி டீனா காட்சிதான். வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர் படம் நெடுக வந்து போகிறார். அடியாட்கள் வீட்டுக்குள் புகும்போதுதான் அவரும் ஒரு ஏஜென்ட் என்று தெரிகிறது. கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சண்டை போட்டு, குழந்தையைக் காப்பாற்ற உயிரையே விடுகிறார். நடித்தவர் வசந்தி. பல ஆண்டுகள் நடனத் துறையில் திரைக்குப் பின்னால் இருந்தவர். கிள்ளானில் அன்று நான் தட்டிய தட்டில் உள்ளங்கை சிவந்துவிட்டது.

போன வருஷம் அதே படத்தை ஹாஸ்டலில் லேப்டாப்பில் மறுபடி பார்த்தோம். டீனா காட்சி வந்ததும் ஒரு நண்பன், "டேய், எங்க வீட்டு வேலைக்காரி இப்படி இருந்தா எப்படிடா இருக்கும்!" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என் அம்மா செத்தியா ஆலாமில் இரண்டு வீடுகளில் கூட்டிப் பெருக்கி, துணி மடித்து, பாத்திரம் கழுவுகிறார். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே நண்பர்கள் கேட்டார்கள், "அம்மா என்ன பண்றாங்க?" நான் சொன்னது, "ஆபிஸ்ல."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எது என்னை உறுத்தியது என்று யோசித்தேன். பொய் சொன்னது ஒன்று. இன்னொன்று அதைவிட மோசம். டீனா பெருக்கும்போது நான் அவரைக் கவனிக்கவே இல்லை. படத்தில் அவர் முகம் எப்போது முதலில் வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆயுதம் எடுத்த பிறகுதான் அவர் என் கண்ணுக்கு மனுஷி ஆனார். அதாவது, வேலைக்காரி 'வெறும்' வேலைக்காரி இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை தட்டினேன். பெருக்கிக்கொண்டே செத்துப் போயிருந்தால்?

வேகம் இதற்கு ரொம்ப வசதி. அடுத்த அடி விழுவதற்குள் இந்தக் கேள்வி வராது.

மறுநாள் திருக்குறளில் 59ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். ஒற்றாடல். பார்த்தவர் சந்தேகப்படாத உருவம், முறைத்தால் அஞ்சாத கண், என்ன செய்தாலும் வாய் திறக்காத உறுதி. ஏறக்குறைய நம் ஹீரோதான். கடைசிக் குறளில் வள்ளுவர் வேறு ஒன்று சொல்கிறார். ஒற்றனைப் பலர் அறியச் சிறப்பிக்காதே, சிறப்பித்தால் மறைக்க வேண்டியதை நீயே வெளியே போட்டவன் ஆவாய் என்கிறார். நல்ல ஒற்றனுக்குக் கைதட்டலே கிடையாது!

அப்படிப்பட்ட ஒருவர் நம் மண்ணிலிருந்தும் போயிருக்கிறார். வக்கம் அப்துல் காதர், வேலை தேடி மலாயாவுக்கு வந்த கேரளத்து இளைஞர். இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் ஒற்றுப் பயிற்சி பெற்று, 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் போய் மலபார் கரையில் இறங்கிய குழுவில் ஒருவர். பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்னணி இசை இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மறைப்பது எல்லாமே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அனுமனே முதன்முதலில் இராமனிடம் மாறுவேடத்தில்தான் வந்தான். சுக்ரீவனுக்காக வேவு பார்க்க வந்தவன். ஆனால் எதிரே நிற்பவர்கள் யார் என்று தெரிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டான். காதர் மறைத்தது தன் நாட்டுக்காக. அனுமன் மறைத்தது தன் தலைவனுக்காக. நான் மறைத்தது யாருக்காக? அம்மாவைக் காப்பாற்றவா? அவருக்கு அந்த வேலையில் வெட்கமே இல்லை. அவர் கூலியில்தான் என் முதல் செமஸ்டர் புத்தகம் வாங்கினேன். என் வேடம் எனக்காக மட்டும். இதற்கு ஒற்றன் என்று பெயர் இல்லை.

"படம்தானே, ஏன்டா இவ்வளவு யோசிக்கிற?" என்று பெரியப்பா மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். அடுத்த உளவாளிப் படம் வந்தால் நானும் முதல் வாரமே போவேன், சந்தேகமே வேண்டாம். ஹாஸ்டல் நண்பர்கள் இரண்டு பேர் இந்த இதழை வாங்குகிறார்கள். இதுவரை அவர்களிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது படித்திருப்பார்கள். வரும் தீபாவளிக்குக் காப்பார் வீட்டுக்கு வாருங்கள் என்று அவர்களை அழைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய பிறகு, அம்மாவை உட்கார வைத்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். டீனா அடிக்கிறார், ஆட்கள் பறக்கிறார்கள், சாமான் எல்லாம் உடைகிறது. அம்மா கண் கலங்குவார் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவிகளா, இவ்ளோத்தையும் ஒடச்சிட்டானுங்களே. இத யாருடா கூட்டுறது?" என்றார்.