ஒரே பயிற்சி ஒரே நீதியா?

எல்லார்க்கும் ஒரே பயிற்சி அளிப்பதே நேர்மை என்று நாம் எண்ணிவிடுகிறோம். திடலில் பத்துப் பிள்ளைகளை ஒன்றாய் ஓடவிட்டு, மாதங்கள் கழிந்தும் முன்னேறாதவனைச் சோம்பேறி என்கிறோம். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

வட அமெரிக்காவில் 1990களில் நடந்த ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வில் நூற்றுக்கணக்கானோர் 20 வாரங்கள் ஒரே திட்டப்படி மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். அவரவர் வலிமையை அளந்தே கடுமை வகுக்கப்பட்டது. உடல் ஏற்கும் உயிர்வளி சராசரியாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் கூடிற்று. ஆயினும் சிலர்க்கு 1 லிட்டர் அளவும் கூட, சிலர்க்கோ ஏதும் கூடவில்லை. ஒரே குடும்பத்தார் பெரிதும் ஒத்திருந்தனர். உழைத்தவன் உழைத்தான், உடல் இசையவில்லை. அவனைச் சோம்பேறி என்பது பொய்ச்சாட்சி அன்றோ? (உழையாமலே உடலின் மீது பழிபோடுவோரும் உளர், அவர்கள் வழக்கு வேறு.)

உயரம் தாண்டும் வீரர் டிக் ஃபாஸ்பரிக்கு, குறுக்குக் கம்பியை நோக்கிக் குப்புறக் கவிழ்ந்து தாண்டும் அக்கால முறை கைவரவில்லை. பயிற்சியாளர் வற்புறுத்தியும், தம் உடல் காட்டிய வழியே முதுகைக் கம்பிக்குக் காட்டித் தாண்டினார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

உலகம் உடனே அதையே அனைவர்க்கும் விதியாக்க முற்பட்டது! ஆனால் 1972இல் மியூனிக்கில் தங்கம் வென்ற யூரி டார்மாக் கவிழ்ந்தே தாண்டினார். 1978இல் 2.34 மீட்டர் என்னும் உலகச் சாதனையை விளாதிமிர் யாஷ்செங்கோ படைத்ததும் அந்தப் பழைய முறையிலேதான்.