ஏழு மீன்களும் ஒரு பொய்யும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்குக் கூடத்துக்கு வந்தபோது என் பாதம் நனைந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போட்டேன். சாரல் அல்ல. சுவரோரம் வைத்திருந்த மீன் தொட்டியில் தண்ணீர் இல்லை. அது முழுவதும் தரையில் இருந்தது. பதினொரு மீன்களில் ஏழு, கூழாங்கற்களின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. தொட்டியின் வலது மூலையில் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கியிருந்தது. நான்கு மீன்கள் அங்கே ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் அந்த நான்கையும் எடுத்து விட்டேன். மூன்று தங்க மீன்கள், ஒரு கறுப்பு மோலி. பிறகு தரையைத் துடைத்தேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகாலடி உயரம் உள்ள தொட்டி அது. நூறு லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும். ஏழு குடம் தண்ணீர் என்று சொன்னால்தான் எங்கள் தெருக்காரர்களுக்குப் புரியும். பம்மலில் குடியிருப்பவனுக்குத் தண்ணீரைக் குடத்தால்தான் அளக்கத் தெரியும். தோல் பதனிடும் தொழில் பல தலைமுறைகளாக நடந்த பகுதி இது. பக்கத்து ஊருக்குக் குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் கம்பெனியால் வந்ததுதான். பல தெருக்களில் நிலத்தடி நீரை வாயில் வைக்க முடியாது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது லாரியை எதிர்பார்த்து நாங்கள் நின்ற வரிசையை இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஏழு குடம் தண்ணீரை மீனுக்கு என்று ஊற்றி வைத்தவனை என் மனைவி பொறுத்துக்கொண்டிருந்தாள் என்பதே பெரிய காரியம்.

ஆறு மணிக்கு என் மகள் எழுந்து வந்தாள். ஒன்பது வயது. தொட்டியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"ராத்திரி திடீர்னு ஒட்டு விட்டுடுச்சும்மா" என்றேன்.

அந்தத் "திடீர்" என்ற சொல்தான் பொய்.

உண்மை இது. ஒன்பது நாட்களுக்கு முன்பே தொட்டியின் இடது பின் மூலையில், கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடத்தில், நூல் போல ஈரம் தெரிந்தது. அதை முதலில் பார்த்தவள் என் மகள்தான். "அப்பா, இங்க ஈரமா இருக்கு" என்றாள். விரலால் தொட்டேன். ஈரம்தான். "மழைக்காலம் இல்லையா, கண்ணாடி வேர்க்கும்" என்று சொல்லி ஒரு பழைய துணியை அங்கே செருகி வைத்தேன். மறுநாள் துணி நனைந்திருந்தது; வேறு துணி வைத்தேன். தொடர்கதை ஒன்றின் கடைசி அத்தியாயத்தை அந்த வாரம் அனுப்ப வேண்டியிருந்தது. அதை அனுப்பிவிட்டுத் தொட்டியைக் கவனிக்கலாம் என்று இருந்தேன். அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் நான்கு நாட்கள் கவனிக்கவில்லை. ஏனென்றால் கவனிப்பது என்றால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். ஏழு குடம் மறுபடியும் பிடிக்க வேண்டும். சோம்பலுக்கு நான் சூட்டிக்கொண்ட பெயர்தான் எழுத்து வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி நின்ற மேஜைக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. என் கதை வெளிவந்த ஒரு பத்திரிகையையே நான்காய் மடித்து அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். காகிதம் நாளாக நாளாக அமுங்கும். மேஜை சாயச் சாயக் கண்ணாடியின் ஒரு மூலையில் பாரம் ஏறும். என் எழுத்துக்கு எடை இல்லை என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. எடை தாங்கவும் இல்லை என்று நானே கண்டுகொண்டேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும், ஏழு மீன்தானே என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பர் ஒருவர் கேட்டே விட்டார். "ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்குகிற மனுஷன் நீர். மோலி செத்ததற்குத் துக்கம் காக்கிறீரா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் அதற்குப் பதில் தெரியாமல் இருந்தேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இது. வஞ்சிரம் என்னை நம்பி வாழவில்லை. அதன் கடலை நான் அதற்குக் கொடுக்கவில்லை. அதைத் தின்பது பாவமா என்பது வேறு கேள்வி, கடினமான கேள்வி; அதில் நான் நல்லவன் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் தொட்டி மீனுக்கு நான் கொடுத்த தண்ணீரைத் தவிர உலகத்தில் வேறு தண்ணீர் கிடையாது. அது குடிக்கும் நீர், சுவாசிக்கும் காற்று, பகல், இரவு எல்லாம் என் மேஜைமேல் இருந்தன. போகும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு ஒரே ஒரு வழியை மட்டும் நம் கையில் வைத்துக்கொண்டால், அந்த ஒரு வழிக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அன்பு இருந்ததா இல்லையா என்பது அப்புறம். எனக்கு அந்த மீன்களிடம் பெரிய அன்பு இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சில மாலைகளில் பார்ப்பேன், அவ்வளவுதான்.

மீனைப் பாத்திரத்தில் வளர்த்த கதை நமக்குப் புதிதல்ல. பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வருகிறது. திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்கிறான். கையில் அள்ளிய நீரில் ஒரு சிறு மீன். நதியிலேயே விடுகிறான். பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும், விடாதே என்கிறது அது. கமண்டலத்தில் போட்டுக்கொண்டு வருகிறான். ஒரே இரவில் கமண்டலம் போதவில்லை. பெரிய பாத்திரத்தில் விடுகிறான், அதுவும் போதவில்லை. பிறகு குளம், ஏரி, கடைசியில் கடல். (மதுரையில் கிருதுமால் நதி என்று இன்றும் ஒன்று ஓடுகிறது. அதில் இன்று ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. அங்கே மீன் கிடைத்தால் அதுவே ஓர் அவதாரம்தான்.)

பக்தர்கள் இந்தக் கதையில் பகவானைப் பார்ப்பார்கள். எனக்கு இப்போது அந்த அரசன்தான் கண்ணில் படுகிறான். அது யார் என்று அவனுக்கு முதலில் தெரியாது. வெறும் மீன் என்றுதான் நினைத்தான். அப்படியிருந்தும், "இந்த இடம் எனக்குப் போதாது" என்று அது சொன்ன ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து போய் இடம் மாற்றினான். அவனுக்கும் ராஜ்ய காரியங்கள் இருந்திருக்கும். பாத்திரம் உடைந்தபிறகு அவன் ஓடி வந்தான் என்று கதையில் எங்கும் இல்லை. என் தொட்டியும் ஒன்பது நாட்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் துணி செருகினேன்.

குற்றமுள்ள மனசு துணை தேடும் அல்லவா? எனக்கும் ஒரு துணை கிடைத்தது. ஜெர்மனியில், பெர்லின் நகரத்து ஓட்டல் ஒன்றின் நடுக்கூடத்தில், பதினான்கு மீட்டர் உயரத்துக்கு ஓர் உருளை வடிவ மீன் தொட்டி இருந்தது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். சுமார் 1,500 மீன்கள். 2022 டிசம்பர் 16 அன்று விடிவதற்கு முன் அது வெடித்துச் சிதறியது. தண்ணீர் வீதி வரை பாய்ந்தது. அதில் இருந்த மீன்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. நிபுணர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஒட்டு விட்டிருக்கலாம், பழுது பார்த்தபோது அடிப்பாகத்தில் கீறல் விழுந்திருக்கலாம், நீரில்லாமல் வைத்திருந்த நாட்களில் சுவர் உலர்ந்துபோயிருக்கலாம். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. அத்தனை பெரிய இஞ்சினீயர்கள் கட்டியதே காரணம் தெரியாமல் உடைகிறதென்றால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே வாங்கிய என் தொட்டி எம்மாத்திரம்! அந்த நிம்மதி ஒரு சாயங்காலம்கூட நிற்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வித்தியாசம் அங்கே இருக்கிறது. பெர்லினில் அந்தத் தொட்டியை மறுபடி கட்டுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார்களாம்.

நானும் அப்படித் தீர்மானித்துவிடலாமா என்று யோசித்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "பேசாம இந்த நாலையும் ஏரியில விட்டுடுங்க தம்பி, புண்ணியம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விடுதலை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தொட்டியில் பாசி தின்பதற்கென்று வளர்க்கும் சக்கர் மீனை இப்படி யாரோ புண்ணியம் தேடி நீர்நிலைகளில் விட்டதால், ஆந்திரத்திலும் வங்காளத்திலும் அது பெருகி, நம் மீன்களின் இடத்தைப் பிடித்து, செம்படவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தங்க மீனோ, சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளாக அழகுக்கென்று பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த ஜாதி. கொக்கைக் கண்டால் ஒளியத் தெரியாத நிறம். அதை ஏரியில் விடுவது விடுதலை ஆகாது. என் வேலையைக் கொக்குக்கு ஒப்படைப்பதுதான் அது. கழற்றிக்கொள்ள முடியாத சில கடமைகள் உண்டு என்பது சம்சாரிகளுக்குத் தெரியும். மீன் விஷயத்திலும் அப்படி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே தொட்டியைச் சரி செய்வதென்று முடிவாயிற்று. முதலில் நான் செய்தது, சிலிக்கான் பசைக் குழாய் ஒன்று வாங்கி வந்து பழைய ஒட்டின்மேலேயே புதிதாகத் தடவியது. காடி வாசனை வீடு முழுவதும் அடித்தது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றினேன். அதே மூலையில், அதே நூல்.

சந்தையில் தொட்டி விற்றவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "காஞ்ச சிலிக்கான் மேல புதுசு ஒட்டாது சார். பழசை பிளேடு வெச்சு சுத்தமா சுரண்டி எடுக்கணும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். அப்புறம் போடுங்க. ஒரு வாரம் காய விடுங்க. அவசரப்படாதீங்க" என்றார். நான் கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டார். "ஃபில்டர் பஞ்சை என்ன பண்ணீங்க?"

"நாற்றமாக இருக்கிறது. கழுவிவிடலாம் என்று..."

"கழுவிடாதீங்க! அந்த அழுக்குதான் சார் உயிரு."

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கே விஷம். பஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சில அதை நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் விஷம்தான். வேறு சில கிருமிகள் அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட் ஆக்குகின்றன. இந்தக் கிருமிகள் ஒரு புதுத் தொட்டியில் குடியேறி நிலைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகுமாம். பளிச்சென்று கழுவி வைத்த புதுத் தொட்டியில் மீன்கள் சாவதற்குக் காரணம் அந்தச் சுத்தம்தான். குழாய் நீரில் கலந்த குளோரினும் அவற்றைக் கொன்றுவிடும் என்பதால் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். நல்லவேளை, பஞ்சு நான்கு மீன்களோடு வாளியிலேயே மிதந்துகொண்டிருந்தது.

ஒரே தொட்டியில் ஒன்றைத் துளிகூட விடாமல் சுரண்டி எறிய வேண்டும். இன்னொன்றைத் தொடவே கூடாது. மறுபடி தொடங்குவது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2015 வெள்ளத்தில் அனகாபுத்தூரில் வீட்டுச் சாமான்கள் அத்தனையும் அடையாற்றுச் சேறாகிப் போன ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். மெத்தை, பீரோ, டி.வி. எல்லாவற்றையும் தெருவில் எறிந்தார். கணவர் கையெழுத்திட்ட பால் கணக்கு நோட்டை மட்டும் கொடியில் உலர்த்தி வைத்துக்கொண்டார். எதைச் சுரண்டுவது, எதை உலர்த்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் ஆயின. இரண்டாவது மாலை, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுருள் சுருளாக விழுந்த பழைய பசையைப் பொறுக்கிக் காகிதத்தில் சேர்த்தாள். அப்போது சொன்னேன்.

"திடீர்னு உடையலே. நீ ஈரம்னு சொன்னப்பவே நான் பார்த்திருக்கணும். பார்க்கலே."

அவள் பொறுக்குவதை நிறுத்தினாள். "அப்போ அந்த ஏழும் உங்களாலயா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். இராச் சாப்பாட்டின்போதும் பேசவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். "பரவாயில்லப்பா" என்று அவள் சொல்லிவிடுவாள் என்று உள்ளூர எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதை நான் கதையாக எழுதியிருந்தால் கட்டாயம் சொல்ல வைத்திருப்பேன். மூன்றாவது மாலை அவள் வந்து மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றியதாகத்தான் இருந்தது.

இப்போது தொட்டி கொல்லைப்புறத்தில், சமமான தரையில், தெர்மோகோல் அட்டையின்மேல் நீர் நிரம்பி நிற்கிறது. மீன் இல்லை. சுற்றிலும் பழைய செய்தித்தாள்களை விரித்திருக்கிறேன். கசிந்தால் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். இன்றோடு நான்கு நாள். காலையில் நான் போய் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சுதான் இருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தேன். மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் சொன்னதைக் கேட்காதவள் போல முழங்காலிட்டு உட்கார்ந்து, இடது பின் மூலைக் காகிதத்தைத் தூக்கி, தன் விரலால் தொட்டுப் பார்த்தாள்.